நூல் பிடித்தாற்போல் ஓடும் வண்டி

செங்கல்பட்டு,
நவம்பர் கடைசி வாரம்.

அன்புள்ள ரெஜினா அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ். ஏன் வீட்டிலிருந்து யாரும் எழுதவில்லை என்று கேட்டிருந்தாய். நல்ல செய்தி ஒன்று கிடைக்கட்டும், சேர்த்து எழுதலாம் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். கிடைக்கவில்லை. அதனால் இருப்பதை எழுதுகிறேன். நீ இருக்கும் கன்னியர் மடத்தில் போன் இல்லாதது எனக்கு ஒருவிதத்தில் நல்லதுதான். போனில் நான் "ம்" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்திருப்பேன். தாளில்தான் எனக்கு வாய் வருகிறது. பத்தாம் வகுப்பில் டீச்சர் எழுந்து நின்று பேசச் சொன்னதற்குப் பதிலாக எழுதித் தரச் சொல்லியிருந்தால் இன்னும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பேனோ என்னவோ. கடிதங்களை மதர் படித்துப் பார்த்துவிட்டுத்தான் தருவார் என்று எழுதியிருந்தாய். அதனால் எழுத்தைத் திருத்தமாக எழுதுகிறேன்.

நம் லாரி பூபாலன் மாமாவின் மெக்கானிக் ஷெட்டில் நிற்கிறது. தீபாவளி கழிந்து, மாமல்லபுரத்துச் சிற்பக்கூடத்துக்குக் கருங்கல் ஏற்றிப் போகும்போது, திருக்கழுக்குன்றம் ரோட்டில் ஒரு பள்ளத்தில் இறங்கி முன் பட்டை முறிந்துவிட்டது. முன் சக்கரங்களின் மேல் வண்டியைத் தாங்கிக்கொண்டு வில் போல வளைந்திருக்குமே, அந்தப் பட்டைதான். பள்ளத்தைப் பார்த்ததாகவும், ஒதுக்குவதற்குள் வண்டி இறங்கிவிட்டதாகவும் அப்பா சொன்னார். அப்பா வண்டியைப் பள்ளத்தில் விடுகிறவர் இல்லை என்பது உனக்கே தெரியும்.

மாமா முன்பக்கம் முழுவதையும் பிரித்துப் புதிதாகக் கட்டினார். பட்டைகள், அவற்றைப் பிடிக்கும் போல்ட்டுகள், சக்கரம் திரும்புவதற்கான கிங் பின், எல்லாமே புதிது. கட்டி முடித்து எடுத்தால் வண்டி இடப்பக்கமாகவே போகிறது. டயரில் காற்று பார்த்தார்கள். முன் டயர்கள் இரண்டையும் பக்கம் மாற்றிப் போட்டார்கள். கிரீஸ் அடித்தார்கள். மூங்கில் குச்சியில் சாக்பீஸ் கோடு போட்டு, சக்கரங்களின் நடுவே முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று அளந்தார்கள். சாப்பாடு கொண்டுபோன என்னை சீட்டில் ஏற்றி, இடது திருப்பு, வலது திருப்பு என்று கீழே படுத்துக்கொண்டு மாமா கத்துவார். நான் திருப்புவேன். கீழேயிருந்து ஒரு தவறும் தெரியவில்லை.

கடைசியில் மாமாதான் கண்டுபிடித்தார். பட்டைகளைச் சேர்த்துக் கட்டும் நடு போல்ட்டின் தலை, அச்சில் அதற்கென்று இருக்கும் குழிக்குள் உட்கார வேண்டும். இடப்பக்கம் அது உட்காராமல் குழியின் விளிம்பில் ஏறி நின்றிருக்கிறது. அப்படியே இறுக்கிவிட்டதால் அந்தப் பக்கத்துச் சக்கரம் ஒரு விரல் அகலம் பின்னால் போய்விட்டது. மாமா தலையில் அடித்துக்கொண்டார். அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. "கிளீனரா இருக்கசொல்லோவே நீ இப்டிதான்டா. ஜாக்கிய வூட்ல வெச்சிட்டு பஞ்சர் ஒட்ட வந்தவன்தான நீ?" என்றார். "அண்ணாத்த, இருவது வருசமா இத்தயே சொல்லிகினு கீற, பேஜாரா கீதுபா" என்று மாமாவும் சிரித்தார்.

அதைச் சரிசெய்து ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். நடுவில் நான். சதுரங்கப்பட்டினம் தாண்டி, சவுக்குத் தோப்பு ஓரமாக ஆளில்லாத நேர் ரோடு வருமே, அங்கே மாமா ஓட்டினார். ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வண்டி அப்படியே நேராகப் போனது. பிறகு அப்பா மாறி உட்கார்ந்தார். கொஞ்ச தூரத்திலேயே வண்டி இடது ஓரத்து மண்ணில் இறங்கியது. "பாத்தியா, பாத்தியா, இழுக்குது" என்றார் அப்பா. மாமா வாங்கி ஓட்டினார். நேராகப் போனது. அப்பா வாங்கினார். இடப்பக்கம் போனது. மாமா அப்பாவின் வலது கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் வீடு வந்து சேரும் வரை ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தார்.

திரும்பவும் பிரிக்கப் போகிறார்கள்.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை அப்படியேதான். இப்போது நரம்பு வார்டைக் கூட்டுகிறாள். அப்பா ஸ்பூனில் சாப்பிடுகிறார். விரலில் ஸ்பேனர் பட்டுவிட்டதாம். நீ இருந்தால் "துரை வந்துட்டாருபா" என்று கேலி செய்திருப்பாய். எங்களுக்கு அது வரவில்லை.

உன் ஜெபத்தில் வண்டியையும் சேர்த்துக்கொள்.

உன் அன்புத் தங்கை,
ஜெனிட்டா

* * *

செங்கல்பட்டு,
பொங்கல் முடிந்த வாரம்.

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ். நீ அனுப்பிய குடில் படம் வந்தது. அம்மா அதை அரிசி டப்பா மேல் ஒட்டி வைத்திருக்கிறாள். தினமும் கண்ணில் படுகிற இடம் அதுதான் என்றாள்.

முதலில் நல்ல செய்தி. லாரி ஓடுகிறது. கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே சரியாகிவிட்டது. அப்பா அதற்காக பிரியாணி வாங்கி வந்தார். அம்மாவையும் என்னையும் முன்னால் உட்கார வைத்து மாமல்லபுரம் வரை ஓட்டிக்காட்டினார். "நூல் புடிச்ச மாதிரி போவுது பாரு. கோளாறு வண்டிலதான்னு தலபாடா அடிச்சிகினேன், எவன் கேட்டான்?" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அம்மா "ஆமாங்க" என்றாள். அப்பா இவ்வளவு பேசிப் பல மாதம் ஆகிறது. வண்டி முகப்பில் உன் பெயரையும் என் பெயரையும் பெயிண்டர் புதிதாக எழுதியிருக்கிறார். உன் பெயர்தான் பெரிது.

இனி எழுதுவதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வண்டி சரியான அன்று அப்பா டீ குடிக்கப் போயிருந்தார். மாமா என்னைக் கூப்பிட்டு டார்ச் பிடிக்கச் சொன்னார். இடப்பக்கத்துப் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே இரும்புத் துண்டு ஒன்றைச் செருகினார். ஒரு முனை தடித்து, மறு முனை மெலிந்து, தச்சர்கள் வைக்கும் ஆப்பு போல இருந்தது. போல்ட்டை இறுக்கிக்கொண்டே, "இத்த வெச்சா வண்டி லேசா வலது வாங்கும் ஜெனி. உன் நைனா கைக்கு அது சரியா பூடும். அவர்கிட்ட சொல்லிடாத. கிரீஸ் அடிச்சேன்னு சொல்லிக்கிறேன்" என்றார். டார்ச் வெளிச்சத்தில் அவர் கண் ஈரமாக இருந்ததா, வியர்வையா என்று தெரியவில்லை. பிரியாணி கொடுக்கப் போனபோது வயிறு சரியில்லை என்று வாங்கவில்லை. மாமா பிரியாணியை வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததே இல்லை.

வண்டியை மாமா ஓட்டினால் நேராகத்தானே போயிற்று. நேராகப் போகிற வண்டியை ஏன் வலப்பக்கம் சாய்க்க வேண்டும்? அங்கேயே கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை.

அப்பாவின் விரல் காயம் இன்னும் ஆறவில்லையாம். ஸ்பூனில்தான் சாப்பிடுகிறார். அம்மா கறியைச் சின்னச் சின்னதாக நறுக்கிப் போடுகிறாள். ஏன் என்று கேட்டால் பல் வலி என்கிறாள். யாருக்குப் பல் வலி என்று சொல்வதில்லை. கிறிஸ்துமஸ் பூசைக்கு அப்பா உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுவிட்டார். ஒருவருக்கொருவர் கை கொடுத்துச் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கை நீட்ட, அப்பா இடது கையால் அவர் தோளைத் தட்டினார். அவர் சிரித்தார். நான் பலிபீடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உனக்கு ஏதாவது புரிந்தால் எழுது. எனக்குப் புரிந்துவிடக் கூடாது என்று பார்க்கிறேன்.

பாசத்துடன்,
ஜெனிட்டா

* * *

செங்கல்பட்டு,
தவக்காலம்.

என் அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தை அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். பயப்படாதே என்று எழுத நினைத்தேன். எனக்கே பயமாக இருக்கும்போது அதை எப்படி எழுதுவது?

போன மாதம் அப்பாவுக்குக் காய்ச்சல். சிற்பக்கூடத்தில் கல்லுக்கு அவசரப்படுத்தினார்கள். அதனால் ஜெகதீசன் அண்ணனை ஆக்டிங் டிரைவராக, அந்த ஒரு லோடுக்கு மட்டும், அப்பா போனில் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். உனக்கு நினைவிருக்கும். ஏரிக்கரை வீட்டு ரேணுகா அக்காவின் கணவர். மாமா அன்றைக்குக் கேளம்பாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஷெட்டில் மாட்டியிருந்த சாவியை எடுத்துக்கொண்டு ஜெகதீசன் அண்ணன் நேராகக் குவாரிக்குப் போய்விட்டார். நான் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் அப்பா அதைச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் போன் வந்தது.

ஸ்பீக்கரில் போட்டிருந்தார். "அண்ணாத்த, திருக்கழுக்குன்றம் தாண்டிட்டேன். வண்டி வலது வாங்குது. புடிச்சிகினே வரேன், தோள்பட்ட வுட்டுப்பூடும் போல கீது" என்றார் ஜெகதீசன் அண்ணன். அப்பா படுத்தபடியே சிரித்தார். "இன்னாபா சொல்ற? நேத்துகூட நூல் புடிச்ச மாதிரி ஓட்டிகினு வந்தேன். வண்டில ஒண்ணும் இல்ல, உன் கைலதான் கோளாறு. ஓட்டு, ஓட்டு" என்று வைத்துவிட்டார்.

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு ஷெட்டுக்கு ஓடினேன். அங்கே யாரும் இல்லை. அடுத்த வீட்டில் போன் வாங்கி மாமாவைக் கூப்பிட்டேன். மேளச் சத்தத்தில் நான் பேசியது அவருக்குக் கேட்கவில்லை. கேட்கும்படி கத்தினேன். அதற்குள் ஆகிவிட்டது.

பூஞ்சேரிக்கு முன்னால், கியர் மாற்ற ஜெகதீசன் அண்ணன் இடது கையை எடுத்திருக்கிறார். ஒற்றைக் கையில் ஸ்டியரிங் நிற்கவில்லை. எதிரே வந்த பஸ்ஸை நோக்கி லாரி போயிருக்கிறது. பஸ்ஸில் மேல்மருவத்தூருக்குப் போகும் பெண்கள். முழு பலத்தையும் போட்டு இடப்பக்கம் வெட்டியதில் லாரி புளியமரத்தில் மோதியது. பின்னாலிருந்த கல் சரிந்து வந்து கேபினை நசுக்கியது. பஸ்ஸில் யாருக்கும் ஒன்றும் இல்லை. ஜெகதீசன் அண்ணனின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

எல்லாரும் அவர் குடித்திருந்தார் என்கிறார்கள். இல்லை, தூங்கிவிட்டார் என்கிறார்கள். அஜாக்கிரதை என்று அவர் மேல்தான் கேஸ். நானும் அம்மாவும் அப்பாவும் பார்க்கப் போனோம். அம்மா கூட்டுகிற வார்டுக்குப் பக்கத்து வார்டுதான். அவர் கண்ணைத் திறந்து, "நான் புடிச்சிகினுதான் இருந்தேன் அண்ணாத்த" என்றார். அதை மட்டும்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். வெளியே வந்ததும் அப்பா ரேணுகா அக்காவிடம், "மனசுல வெச்சிக்காதம்மா. வண்டில கோளாறு இருந்தா எனக்குத் தெரியாதா? உன் வூட்டுக்காரன் கண் அசந்துட்டான்" என்றார். அப்பா பொய் சொல்லவில்லை அக்கா. அவர் அதை நம்புகிறார். ரேணுகா அக்கா என்னைத்தான் பார்த்தாள். ஏன் என்னைப் பார்த்தாள் என்று தெரியவில்லை.

இப்போது உனக்கும் புரிந்திருக்கும். அப்பாவின் வலது கையில் பலம் இல்லை. இடது கை மட்டும் ஸ்டியரிங்கில் தொங்குவதால்தான் வண்டி இடப்பக்கம் போயிற்று. பிரித்துப் பிரித்துப் பார்த்தும் கோளாறு கிடைக்காததற்குக் காரணம், அது லாரியில் இல்லை. மாமாவுக்கு அன்றைக்கே சவுக்குத் தோப்பு ரோட்டில் தெரிந்துவிட்டது. "அண்ணாத்த, உன் கை போவுது, எறங்கு" என்று சொல்ல அவருக்கு முடியவில்லை. அப்பாவின் கைக்குத் தக்கபடி லாரியைக் கோணலாக்கிக் கொடுத்துவிட்டார். நம் தெருவில் எல்லார் வீட்டிலும் கூலிக்கு நடவு நட்டுக்கொண்டிருந்த காலத்தில் முதல் லாரி வாங்கினவர் அப்பா. மாமாவுக்கு ஷெட் போட இடம் பார்த்துக் கொடுத்தவரும் அவர்தான். அவரை சீட்டிலிருந்து எப்படி இறக்குவது? அம்மாவுக்கும் தெரியும். தினமும் அந்த வார்டைக் கூட்டுகிறவளுக்குத் தெரியாமலா இருக்கும்? கறியை நறுக்கிப் போடுகிறாள், சட்டைப் பொத்தானை மாட்டிவிடுகிறாள், வாயைத் திறப்பதில்லை. மாமா, அம்மா, நான் என்று எங்கள் மூன்று பேரில் பேசத் தெரியாதவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

லாரியை போலீஸ் விட்டுவிட்டது. நொறுங்கிக் கிடந்த முன்பக்கத்தில் அந்த ஆப்பு யார் கண்ணிலும் படவில்லை. மாமா திரும்ப முன்பக்கம் கட்டுகிறார். இனி எவன் கையிலும் வண்டியைக் கொடுப்பதில்லை, நான்தான் ஓட்டுவேன் என்று அப்பா சொல்லிவிட்டார். ஈஸ்டர் முடிந்ததும் முதல் லோடு.

நேற்று ஷெட்டுக்குப் போனேன். பெஞ்சில் புது ஆப்பு ஒன்று இருந்தது. முன்பு வைத்ததைவிடத் தடிமன். அப்பாவின் கை இப்போது இன்னும் மோசம். "மாமா, அது வேணாம்" என்றேன். அவர் முகத்துக்கு நேரே நானாக முதலில் பேசியது அதுதான். மாமா நிமிரவே இல்லை. "நீ போய் சொல்றியா உன் நைனாகிட்ட? சொல்லு. நீ சொன்னா நான் இத்த தூக்கி ஏரில போட்டுட்றேன்" என்றார். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு, "அவன் காலு என் கண்ணுலயே நிக்குது ஜெனி. ரெண்டு வேள சோறு துன்னு எத்தினி நாளாச்சி தெரியுமா?" என்றார். அப்படிச் சொன்னவர்தான் திரும்பக் குனிந்து வேலையைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்தேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்து வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். தூங்குகிற குழந்தையை எடுத்து வைப்பது போல. என்னைப் பார்த்ததும், "இன்னாம்மா?" என்றார். நான் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

அதனால் உன்னைக் கேட்கிறேன். அப்பாவுக்குக் கடிதம் எழுது. உனக்கு உடம்பு சரியில்லை, உடனே வந்து பார்க்க வேண்டும் என்று எழுது. வேறு எதற்கும் ஷெட்டை விட்டு நகர மாட்டார். உனக்காக ரயில் ஏறுவார். மடத்தை ஒட்டிய ஆஸ்பத்திரியில் டாக்டர் சிஸ்டர் ஒருவர் இருப்பதாக எழுதியிருந்தாய். உன்னைப் பார்க்க வந்த இடத்தில் அவர் தன் இரண்டு விரல்களை அப்பாவிடம் நீட்டி, "இறுக்கிப் பிடியுங்கள்" என்று சொல்லட்டும். அவ்வளவு போதும். நாங்கள் யாரும் அப்பாவிடம் சொல்லாததை அவர் கையே அவரிடம் சொல்லிவிடும். நீ பக்கத்தில் இரு. அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டியது நீதான். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டால் மாமா வாயைத் திறப்பார். மாமா திறந்தால்தான் ஜெகதீசன் அண்ணனுக்கு அவர் பெயராவது திரும்பக் கிடைக்கும். கால் கிடைக்காது. ரேணுகா அக்காவிடம் நானே போய்ச் சொல்கிறேன். எழுதிக்கொண்டு போய், அதைப் பார்த்துப் படித்தாவது சொல்லிவிடுகிறேன்.

மதிப்பிற்குரிய மதர் அவர்களுக்கு: அக்காவுக்கு முன்னால் இதைப் படிப்பது நீங்கள்தான் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். சபைக்கு வரப்போகிற பெண்ணைப் பொய் சொல்லச் சொல்கிறேன். அந்தப் பாவத்தை என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். கடிதத்தை மட்டும் நிறுத்தி வைக்காதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

அக்கா, இரவு ஜெபத்தில் அப்பாவுக்காக வேண்டிக்கொள்வாய், அது எனக்குத் தெரியும். ஜெகதீசன் அண்ணனுக்காகவும் வேண்டிக்கொள். ஈஸ்டருக்கு மறுநாள் காலையில் மாமல்லபுரம் ரோட்டில் எதிரே வரப்போகிறவர்களுக்காகவும் வேண்டிக்கொள். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் நம்மைத் தெரியாது.

உன் கடிதத்துக்காகக் காத்திருக்கும்,
ஜெனிட்டா